மேனேஜரின் மூக்கில் ஆரஞ்சுத் தூள்

அந்த வீட்டுப் பூனைக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது அண்ணன்தான். காரணம் கேட்டதற்கு, "நல்லா பாரு. எல்லாரும் வேலை செய்யறப்போ கரெக்டா நடுவுல வந்து உக்காருது. தான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது. ஆனா நம்ம வேலையில திருப்தி இல்லாத மாதிரி ஒரு பார்வை மட்டும் பாக்குது," என்றான். அதற்குமேல் விவாதம் தேவைப்படவில்லை.

மேனேஜர் முழு வெள்ளை. வாலின் நுனி மட்டும் சாம்பலில் தொட்டு எடுத்ததுபோல இருக்கும்.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் கொசு. இதுவும் அண்ணன் வைத்த பெயர்தான். தங்கைக்குப் பத்து வயது. காதருகே வந்து ஒரு கேள்வி கேட்பாள். விரட்டினால் அடுத்த காதுக்குப் போவாள். பதில் கிடைக்கும்வரை தூங்கவிட மாட்டாள். பெயர் எப்படி ஒட்டியது என்று யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மேனேஜருக்குத் தடுப்பூசி போட மிருக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா மிருகங்களிடம் மிக மரியாதையாகப் பேசுவார். "வாங்க சார், உக்காருங்க சார், ஒரே ஒரு ஊசி சார்," என்பார். மனிதர்களிடம் அவ்வளவு பேச்சு இல்லை. ஊசி போட்டு முடித்ததும் கொசுவின் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்.

"சாருக்கு ஆகாத செடியெல்லாம் இதுல இருக்கு. வீட்டுல போய்ப் பாரு."

முதல் வரியில் லில்லி. அதற்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் இரண்டு கோடு. அதன் கீழே அரளி, குரோட்டன்ஸ், மணி பிளான்ட் என்று பட்டியல் நீண்டது.

கொசு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக ஆய்வைத் தொடங்கிவிட்டாள்.

முதலில் மாட்டியது அண்ணன். அவன் அறை ஜன்னலில் ஒரு பாட்டிலில் மணி பிளான்ட் வளர்ந்துகொண்டிருந்தது.

"இதை எடுக்காத கொசு. என் ரூம்ல உயிரோட இருக்கறது இது ஒண்ணுதான்."

"ஏன், நீ இருக்கியே?"

"நான் பரீட்சை முடியற வரைக்கும் கணக்குல வரமாட்டேன்."

மணி பிளான்ட், பூனையே இல்லாத அவன் நண்பன் வீட்டுக்கு இடம் மாறியது.

அடுத்தது அப்பா. அவர் லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பார். மீதி நாள் போனில் இருப்பார். பால்கனியில் ஒரு பெரிய தொட்டியில் ஆறு வருடமாக அரளி வளர்த்திருந்தார்.

"அரளி வேணுமா, பூனை வேணுமான்னு கேக்கறியா?" என்றார் அப்பா, போனில்.

"இல்லப்பா. அரளியை வேற எங்க வெக்கலாம்னு கேக்கறேன்."

அப்பா அடுத்த முறை வந்தபோது அரளித் தொட்டியைத் தூக்கி லாரியில் தன் பக்கத்து இருக்கையில் வைத்து, சீட் பெல்ட் போட்டுவிட்டார். லாரி ஷெட்டில் அது இப்போது சௌக்கியமாக இருக்கிறது. அங்கே பூனை, நாய் எதுவும் அண்டுவதில்லை. ஓய்வு நேரத்தில் டிரைவர்கள் பாடுவதுதான் காரணம் என்று அப்பா சொல்வார்.

கடைசியாக அம்மா. இங்கேதான் விஷயம் பெரிது.

அம்மாவுக்குக் கடைத்தெருவில் சின்னதாக ஒரு பூக்கடை. பூங்கொத்து கட்டுவது, மண்டபங்களுக்கு மேடை அலங்காரம் செய்வது எல்லாம் அம்மாதான். சாயங்காலம் விற்காமல் மிஞ்சிய பூவை ஒரு வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். அது சாப்பாட்டு மேசை நடுவில் உட்காரும். அந்த வீட்டில் சாம்பார் இல்லாத நாள் உண்டு, பூ இல்லாத நாள் கிடையாது.

கொசு தாளை நீட்டினாள். அம்மா முதல் வரியைப் படித்தாள்.

"லில்லியா? பூனைக்கா? இத்தனை வருஷமா விக்கிறேன், யாரும் சொன்னதில்லையே."

"டாக்டரம்மா சொல்றாங்களே."

"சரி. இனிமே லில்லி இந்த வாசப்படியைத் தாண்டாது. போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

கொசு அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்: 'லில்லி வீட்டுக்குள் வரக் கூடாது.'

அம்மா சொன்ன சொல் தவறவில்லை. ரோஜா வந்தது, சூரியகாந்தி வந்தது, ஜெர்பரா வந்தது. ஒரு லில்லிகூட வரவில்லை.

ஆகவே, அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நடந்தது யாருக்குமே புரியவில்லை.

அன்று காலை விடிவதற்குள் அம்மா கடைக்குப் போய்விட்டாள். பெரிய ஹோட்டல் ஒன்றின் வரவேற்புக் கூடத்துக்கு அலங்காரம். இரண்டு மணிக்கு வீடு திரும்பியபோது அசந்துபோயிருந்தாள். கடையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டாள், நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டாள், "பத்து நிமிஷம் கண்ணை மூடறேன். யாரும் என்னைக் கூப்பிடாதீங்க. வீடு பத்திக்கிட்டா மட்டும் எழுப்புங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள்.

கொசு கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து உலக வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மேனேஜர் எங்கிருந்தோ எழுந்து வந்து, பசிபிக் பெருங்கடலின்மேல் உட்கார்ந்தான்.

"நகரு. அது இன்னும் காயல."

மேனேஜர் நகரவில்லை. அப்போதுதான் கொசு அவன் முகத்தைப் பார்த்தாள். மூக்கின்மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீற்றல். மார்பு முடியிலும் ஆரஞ்சு. வலது முன்னங்காலில் இன்னும் நிறைய.

"அண்ணா! சிப்ஸ் தின்ன கையோட மேனேஜரைத் தொட்டியா?"

"நான் இன்னிக்கு சிப்ஸே தின்னல," என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வெளிய வா. விரலைக் காட்டு."

அண்ணன் வந்து விரலைக் காட்டினான். பத்தும் ஆரஞ்சு.

"இது நேத்து தின்ன சிப்ஸ்," என்றான், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

கொசு அவன் விரலை முகர்ந்தாள். உப்பும் புளிப்பும் மூக்கில் ஏறியது. பிறகு மேனேஜரின் காலைப் பிடித்து முகர்ந்தாள். உப்பு வாசனை இல்லை, புளிப்பும் இல்லை. தலைவலி வருகிற மாதிரி ஒரு கனத்த இனிப்பு வாசனை. ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். சிப்ஸ் தூள் நறநறவென்று இருக்கும். இதுவோ கண்மை மாதிரி விரலில் இழுபட்டு ஒட்டிக்கொண்டது.

இந்த ஆரஞ்சு அவளுக்கு நன்றாகத் தெரியும். அம்மாவின் கடையில் பார்த்திருக்கிறாள்.

லில்லிப் பூ விரியும்போது உள்ளே ஆறு குச்சிகள் நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் இந்தத் தூள். அது கொட்டினால் மேசை விரிப்பு, சட்டை, எதில் பட்டாலும் போகாத கறை. அதனால் அலங்காரம் செய்வதற்குமுன் அந்தக் குச்சித் தலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துவிடுவார்கள். ஒருமுறை கொசுவின் பள்ளிச் சட்டையில் பட்டபோது அவள் தண்ணீர் தொட்டுத் தேய்க்கப் போனாள். அம்மா கடையே அதிர்கிற மாதிரி கத்தினாள்: "தேய்க்காத! தேய்ச்சா பரவிடும்! டேப்பை ஒட்டி எடு!"

மேனேஜர் இப்போது வலது காலைத் தூக்கினான். நாக்கை வெளியே நீட்டினான்.

கொசு பாய்ந்து காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா! டேப் எடுத்துட்டு வா! டவல் எடுத்துட்டு வா! அம்மாவை எழுப்பு!"

"எதை முதல்ல?"

"எல்லாத்தையும் முதல்ல!"

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான். இது விளையாட்டு இல்லை என்று புரிந்துகொண்டான். டேப் வந்தது. கொசு ஒரு துண்டு கிழித்து மேனேஜரின் காலில் அழுத்தாமல் ஒற்றி எடுத்தாள். ஆரஞ்சுத் தூள் டேப்போடு வந்தது, கூடவே பத்துப் பன்னிரண்டு முடியும் வந்தது. மேனேஜர் தன் வாழ்நாளில் படாத அவமானத்தைப் பட்டவன்போல அலறினான். மறு துண்டு. மறு துண்டு. மார்புக்கு ஐந்து துண்டு. பிறகு அவனை டவலில் வைத்துப் பாய்போலச் சுருட்டி, தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டாள். இனி எங்கேயும் நக்க முடியாது.

மூக்கில் இருந்த தீற்றலை மட்டும் எடுக்க முடியவில்லை. டேப் வருவதற்குள் அதை அவன் நக்கிவிட்டிருந்தான்.

அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "என்னடி? வீடு பத்திக்கிச்சா?"

"அம்மா, மேனேஜர் மேல லில்லித் தூள். கொஞ்சம் நக்கிட்டான்."

"லில்லியா? வீட்டுல லில்லி ஏது?"

"அதாம்மா எனக்கும் தெரியல. ஆனா அது அதுதான்."

அம்மா டேப்பைப் பார்த்தாள். அதற்குமேல் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"அண்ணா, நீ இங்கேயே இரு. தூள் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடு. கிடைச்சா போன் பண்ணு," என்று கொசு படியில் இறங்கிக்கொண்டே கத்தினாள்.

"தேடறேன். நீ அவனை விட்டுடாத!"

*

டாக்டரம்மா டவல் சுருளைப் பார்த்தார், டேப் துண்டுகளைப் பார்த்தார். "வாங்க சார்," என்று மேனேஜரை மேசைமேல் வாங்கிக்கொண்டார். குரலில் வழக்கமான மரியாதை இருந்தது. வழக்கமான நிதானம் மட்டும் இல்லை.

"எப்ப நக்கினார்?"

"நான் பார்த்தது இப்பத்தான் டாக்டர். அரை மணி நேரம்கூட இருக்காது."

"நீ பார்த்தது இருக்கட்டும். தூள் எப்பத்திலேர்ந்து இவர் மேல இருக்கு? இன்னிக்கா, நேத்தா?"

கொசுவுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை.

"இது பூனைக்கு சிறுநீரகத்தைத்தான் பிடிக்கும்," என்றார் டாக்டரம்மா, கையுறையை மாட்டிக்கொண்டே. "ரெண்டு நாள் பூனை சும்மாதான் இருக்கும். நாமளும் ஒண்ணுமில்லன்னு நெனச்சுட்டு இருப்போம். அதுக்கப்புறம் வந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. இன்னிக்குப் பட்டதுன்னா வழி இருக்கு. நேத்தே பட்டதுன்னா..."

அவர் மேனேஜரை உள்ளே தூக்கிக்கொண்டு போனார். "எப்பன்னு யோசிச்சுச் சொல்லுங்க," என்று மட்டும் கதவு மூடுமுன் கேட்டது.

வெளியே ஒரு நீள பெஞ்சு. பக்கத்தில் ஒரு கிளிக்கூண்டு. கிளி இவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

கொசு யோசித்தாள். மேனேஜர் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. வீட்டில் லில்லி இல்லை. ஜன்னல் வழியாகப் பறந்து வருமா? வராது, இந்தத் தூள் ஒட்டும், பறக்காது. ஒட்டும் என்றால், எதிலோ ஒட்டிக்கொண்டுதான் வந்திருக்கவேண்டும். எதில்?

அம்மா பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மடியில். கொசு அந்தக் கைகளைப் பார்த்தாள்.

அம்மாவின் நகத்துக்கு அடியில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு இருந்தது. கைக்கடிகாரத்தின் வாரில் ஒரு புள்ளி.

சரியாக அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் அடித்தது. கொசு எடுத்தாள்.

"கொசு, எங்கேயும் இல்ல," என்றான் அண்ணன். மூச்சு வாங்கினான். "கட்டிலுக்கு அடியில பாத்தேன், பால்கனி பாத்தேன், குப்பைக்கூடையைக்கூடக் கொட்டிப் பாத்துட்டேன்."

கொசு எழுந்து கிளிக்கூண்டைத் தாண்டி நகர்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சாப்பாட்டு மேசை நாற்காலியைப் பாரு. அதுல கிடக்கிற ஏப்ரனை."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"ஐயோ," என்றான் அண்ணன். "ஏப்ரன் பாக்கெட் முழுக்க ஆரஞ்சா இருக்கு. துணி நடுவுல வட்டமா ஒரு பள்ளம். பள்ளம் முழுக்க வெள்ளை முடி. அவன் இதுமேலதான் படுத்துத் தூங்கியிருக்கான்."

"தொடாத. பெரிய பாலித்தீன் பையில குச்சியால தள்ளிப் போட்டு இறுக்கிக் கட்டு. நாற்காலியையும் துடை."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அம்மா தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏப்ரனா?" என்றாள் அம்மா.

கொசுவுக்குப் பொய் வாய் வரை வந்தது. ஆனால் உள்ளே டாக்டரம்மாவுக்கு ஒரு பதில் வேண்டும். அந்தப் பதில் இப்போது அவளிடம் இருந்தது. அம்மாவை நோகவைக்கிற அதே விஷயம்தான் மேனேஜருக்கு நல்ல சேதி.

"அம்மா, நீ எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தே?"

"ரெண்டு."

"நேத்து கடையில லில்லி இருந்துச்சா?"

"இல்ல. ரோஜாதான். லில்லி இன்னிக்குக் காலையிலதான் வண்டியில வந்துச்சு. முந்நூறு பூ. நான்தான் உக்காந்து கிள்ளினேன்."

"அப்ப ரெண்டு மணிக்கு முன்னாடி வீட்டுல தூளே கிடையாது!"

கொசு போய்க் கதவைத் தட்டினாள். "டாக்டர்! ரெண்டு மணிக்கு மேலதான்! நிச்சயமா ரெண்டு மணிக்கு மேலதான்!"

கதவு திறந்தது. டாக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பத்து. அன்று முதன்முறையாக அவருடைய தோள் கொஞ்சம் இறங்கியது.

"நல்லது," என்றார். "ரொம்ப நல்லது. குளிப்பாட்டியாச்சு, வாந்தி எடுக்க வெச்சாச்சு. இப்ப சலைன் ஏத்தப் போறேன். ரெண்டு நாள் இங்கேயே இருக்கட்டும். சிறுநீரகம் வேலை செஞ்சா ஒழுங்கா ஒண்ணுக்குப் போவார். அதுதான் எனக்கு வேணும். திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனை. அதுவரைக்கும் பிழைச்சுடுவார்னும் சொல்லமாட்டேன், மாட்டார்னும் சொல்லமாட்டேன்."

*

வெளியே வந்து அம்மா ஸ்கூட்டரில் உட்கார்ந்தாள். ஆனால் ஸ்டார்ட் செய்யவில்லை.

"சத்தியம் பண்ணினேன்," என்றாள். "வாசப்படியைத் தாண்டாதுன்னு."

"லில்லி தாண்டலம்மா. தூள்தான் தாண்டுச்சு. நான் ஃபிரிட்ஜ்ல லில்லின்னு மட்டும்தானே எழுதினேன்? தூளைப் பத்தி எனக்கே தோணல."

"உனக்குப் பத்து வயசு. நான் இருபது வருஷமா அந்தத் தூளோட குடும்பம் நடத்தறேன். துணியில பட்டா கறை போகாது. அவ்வளவுதான் எனக்கு அதைப் பத்தித் தெரிஞ்சது."

கொசு பின்னாலிருந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது.

அன்று சாயங்காலம் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார்கள். "இன்னும் போகல," என்றார்.

மறுநாள் காலையும், "இன்னும் போகல. புது இடத்துல சில பேர் அடக்கிக்குவாங்க. அதுவா, வேற ஏதாவதான்னு இப்ப சொல்ல முடியாது," என்றார்.

ஒரு பூனை ஒன்றுக்குப் போகிறதா என்பதற்காக ஒரு குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் அண்ணன் சிரித்திருப்பான். இப்போது அவனே அரை மணிக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்த்தான். சிப்ஸ் பாக்கெட் பிரிக்கப்படாமல் கிடந்தது. அப்பா வழியில் நிறுத்திய இடத்தில் எல்லாம் அழைத்து, வணக்கம்கூடச் சொல்லாமல், "போனானா?" என்றார். "இன்னும் இல்லப்பா," என்றாள் கொசு. போனில் பின்னாலிருந்து யாரோ, "அண்ணே, பூனை போச்சா?" என்று கேட்பதும், அப்பா, "இல்லப்பா," என்பதும் கேட்டது. லாரிக்காரர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

அம்மா மட்டும் போன் பக்கமே வரவில்லை. கட்டி வைத்த ஏப்ரனைக் கடைக்கே கொண்டுபோய், துவைத்து, அங்கேயே ஓர் ஆணியில் மாட்டி வைத்துவிட்டாள். மாற்றுத் துணி ஒன்றைக் கொண்டுபோய்க் கடை அலமாரியில் வைத்தாள். கையை மணிக்கட்டு சிவக்கும்வரை கழுவினாள். பிறகு மறுபடியும் கழுவினாள்.

ஞாயிறு மத்தியானம் கொசுவும் கடைக்குப் போனாள். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஹோட்டலுக்குப் போக மிஞ்சிய லில்லிகள் ஒரு வாளியில் நின்றிருந்தன. வெள்ளை வெளேரென்று, ஒரு பாவமும் அறியாத மாதிரி.

உயரமாக ஒருவர் குடையோடு உள்ளே வந்தார். "வீட்டுக்காரம்மாவுக்குப் பிறந்தநாள். அந்த வெள்ளைப் பூவில ஒரு டஜன் கட்டிக் குடுங்க."

அம்மாவின் கை தானாகவே வேலையைத் தொடங்கியது. தாளை விரித்தாள், பூவை அடுக்கினாள், ரிப்பனை இழுத்தாள்.

"சார்," என்றாள் கொசு. "உங்க வீட்டுல பூனை இருக்கா?"

"ரெண்டு இருக்கும்மா. ஏன்?"

ரிப்பனை முடிந்துகொண்டிருந்த கை நின்றது. அம்மா கொசுவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக முடிச்சை அவிழ்த்தாள்.

"இது உங்களுக்கு வேண்டாம் சார்."

"ஏன்? பூனைக்குப் பூ பிடிக்காதா?"

"பிடிக்கும் சார். அதான் பிரச்சினை," என்றாள் கொசு.

அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். தூள், ஏப்ரன், நாற்காலி, எதையும் மறைக்கவில்லை. வாடிக்கையாளரிடம் சொல்கிற மாதிரி இல்லை, யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்கிற மாதிரி சொன்னாள். அவர் குடையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆனா என் வீட்டுக்காரம்மாவுக்கு லில்லின்னா உயிராச்சே," என்றார் கடைசியில்.

"பூனைன்னா?" என்றாள் கொசு.

அவர் நிதானமாக யோசித்தார். "முதல்ல பூனை. அப்புறம் லில்லி. நான் அதுக்கும் கீழே எங்கேயோ இருக்கேன்."

"அப்ப சூரியகாந்தி வாங்கிட்டுப் போங்க சார். பூனை கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

அம்மா சூரியகாந்தியை அடுக்கத் தொடங்கினாள். போன் அடித்தது. திரையில் டாக்டரம்மா. அம்மா போனை எடுத்தாள், பார்த்தாள், கொசுவிடம் நீட்டினாள்.

கொசு காதில் வைத்தாள்.

"போயிட்டார்," என்றார் டாக்டரம்மா. "ரெண்டு தடவை. ஒரு தடவை டிரேயில. இன்னொரு தடவை என் செருப்புல. ரெண்டுமே திருப்தியா இருந்துச்சு."

"அம்மா!" என்று கொசு குதித்தாள். "மேனேஜர் ஒண்ணுக்குப் போயிட்டான்! ரெண்டு தடவை!"

அம்மா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு முதலில் வந்ததா, அழுகை முதலில் வந்ததா என்று சொல்ல முடியாது. கையில் இருந்த சூரியகாந்திகள் எல்லாம் மடியில் சரிந்தன.

குடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம்," என்றார் மரியாதையாக. "எந்தக் கம்பெனி மேனேஜர்?"

*

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அண்ணனும் கொசுவும் ஓட்டமாக மருத்துவமனைக்குப் போனார்கள். அம்மா கடையிலிருந்து நேராக அங்கே வந்து சேர்ந்தாள்.

"ரத்தம் சுத்தமா இருக்கு," என்றார் டாக்டரம்மா. "சார் வீட்டுக்குக் கிளம்பலாம். நாலு நாள் கழிச்சு ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. தூளை டேப்பால எடுத்தது யார்?"

"நான்தான்."

டாக்டரம்மா கொசுவை ஒரு நிமிடம் பார்த்தார். "வாங்க மேடம், வந்து நீங்களே தூக்கிக்கங்க," என்றார். மனிதர்கள் யாரிடமும் அவர் அப்படிப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. அண்ணன் கொசுவை விலாவில் இடித்தான்.

மேனேஜரின் முன்னங்காலில் ஒரு வளையம் அளவுக்கு முடியை மழித்திருந்தார்கள். அந்தக் காலை அவன் யாருக்கும் காட்ட விரும்பவில்லை. கொசு தூக்கியதும் அவள் கழுத்தில் மூக்கைத் தேய்த்தான். பிறகு தலையைத் திருப்பிக் கதவுப் பக்கம் பார்த்தான். ஒரு முறை கத்தினான். யாரும் வராததால் மறுபடி கத்தினான்.

அம்மா கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள்.

"உன்னைத்தாம்மா கூப்பிடறான். வா," என்றான் அண்ணன்.

"நான் கடையிலேர்ந்து வந்திருக்கேன்."

"துணி மாத்திக்கிட்டுத்தானே வந்தே?"

"மாத்தினேன். கழுவினேன். இருந்தாலும்... நீங்களே கொண்டு வாங்க. நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டுத் தூக்கிக்கறேன்."

மேனேஜர் மூன்றாவது முறை கத்தினான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொசு அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் ஒரு பச்சைக் கோட்டு தொங்கியது, டாக்டரம்மா அறுவை சிகிச்சைக்குப் போட்டுக்கொள்வது.

"டாக்டர், அது துவைச்சதா?"

"இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு. ஏன்?"

கொசு மேனேஜரை அண்ணனிடம் கொடுத்தாள். கோட்டை எடுத்து அம்மாவிடம் போனாள்.

"கையை முன்னால நீட்டு."

அம்மா நீட்டினாள். கொசு ஒரு கையை நுழைத்தாள், மறு கையை நுழைத்தாள், முதுகுப் பக்கம் போய் எக்கி நின்று கழுத்து வரைக்கும் முடிச்சுப் போட்டாள். டாக்டரம்மா ஆறடி உயரம். கோட்டு அம்மாவுக்குத் தரை வரை வந்தது. கை விரல்கூட வெளியே தெரியவில்லை.

அண்ணன் மேனேஜரை அந்தப் பச்சை மடிப்புகளின் நடுவில் இறக்கினான். மேனேஜர் முன்னங்காலால் இரண்டு முறை அமுக்கிப் பார்த்தான், ஒரு சுற்றுச் சுற்றினான், அம்மாவின் நெஞ்சோடு சுருண்டு படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"கோட்டு எனக்கு நாளைக்குத்தான் வேணும்," என்றார் டாக்டரம்மா. "அப்படியே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அன்று கடைத்தெரு வழியாக, தரை பெருக்குகிற பச்சைக் கோட்டோடு அம்மா நடந்தாள். பார்த்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. கோட்டு தடுக்காமலிருக்க ஒரு பக்கத்தை அண்ணனும் மறுபக்கத்தைக் கொசுவும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வீடு வரைக்கும் மெதுவாகவே நடந்தார்கள்.